ஒக்கூரில் பாடாத ரேடியோ

காரைக்குடி
18-1-1971

அன்புள்ள அண்ணன் மீரான் சாகிபு அவர்களுக்கு, தங்கை லத்தீபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ் உதவியால் இங்கே எல்லோரும் நலம். கப்பல் களைப்புத் தீர்ந்து பினாங்குக் கடையில் உட்கார்ந்திருப்பீர்கள். வயிற்றுவலி எப்படி இருக்கிறது? கண்ட நேரத்தில் சாப்பிடாதீர்கள்.

ஆபிதா கல்யாணப் பேச்சு ஊரில் இன்னும் ஓயவில்லை. தாயில்லா மகளுக்கு அத்தா கடல் கடந்து வந்து ஒரு குறையும் இல்லாமல் செய்துவிட்டுப் போனார் என்கிறார்கள். ஒரு சின்ன விஷயம்தான். சீரில் வைத்தோமே அந்த ரேடியோ, ஒக்கூரில் மாப்பிள்ளை வீட்டில் பாட மாட்டேன் என்கிறது. வாங்கிய கடைக்கே, தேனப்பனிடம், எடுத்துப் போனேன். வண்டிக்காரர் மருது பெட்டியை இறக்கி வைப்பதற்குள்,

"பில்லு இருக்காம்மா?" என்றார் தேனப்பன்.

"எங்கண்ணன்தானே உங்ககிட்டப் பேசி வாங்குனாக. பில்லு வேணாம், வரியைக் கழிச்சுக்கங்கன்னு அவுகளும் சொன்னாக, நீங்களும் சரின்னீக."

"அப்பப் பில்லு இல்லை. பில்லு இல்லாட்டி கியாரண்டியும் இல்லை. அதுபோக, ஒக்கூர்ல வர்றதெல்லாம் ஒரு கரண்டா? பல்பே அழுது வடியுது. அதுல மாட்டுனா நல்ல பொட்டியும் கருகத்தான் செய்யும்."

தலைக்கு மேல் தொங்கிய பலகையைக் கையால் காட்டினார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.' பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

ஆபிதா உங்களுக்கு ஸலாம் சொல்கிறாள். பக்கத்தில்தான் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள்.

உங்கள் துஆவை வேண்டும்,
லத்தீபா


பினாங்கு
30-1-1971

தங்கச்சி லத்தீபாவுக்கு, அண்ணன் மீரான் சாகிபு எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். வயிறு வழக்கம் போல. உன் முழங்கால் வலிக்கு அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, பூட்டி வைத்திருக்கிறாயா?

தேனப்பன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என் கடைக்கு டார்ச் லைட்டைத் திருப்பிக் கொண்டுவருகிற ஆளின் முகத்தைப் பார்த்ததும் நானும் இதைத்தான் சொல்வேன். தண்ணீர் பட்டிருக்கும், கீழே போட்டிருப்பாய், உன் பாட்டரி சரியில்லை. கடைக்காரன் முதல் நாள் சொல்வது பதில் இல்லை. வந்த ஆள் திரும்பிப் போய்விடுவானா என்று பார்க்கிறான், அவ்வளவுதான். நீ திரும்பி வந்துவிட்டாய்.

மறுபடி போ. கடையில் ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போ. கத்தாதே. பெட்டியை அங்கே விட்டுவிட்டும் வராதே. உள்ளே இருக்கிற வால்வை மாற்றிவிட்டு இது எங்கள் சரக்கே இல்லை என்று சொல்லலாம். ஒக்கூர்க் கரண்டு மேல் பழி போடுகிறாரே, அவர் கடையிலிருந்து ஒரு நல்ல பெட்டியை எடுத்துவந்து அதே பிளக்கில் மாட்டிக் காட்டச் சொல். பாடினால் கரண்டு நல்லது, பெட்டி கெட்டது. எந்த வியாபாரியும் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. பில் வாங்காமல் விட்டது என் கெட்டிக்காரத்தனம். அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

இது வியாபாரம். இனி வீட்டு விஷயம். கல்யாணப் பெண்ணின் கையில் மருதாணி கூட மங்கியிருக்காது. ஒக்கூரில் இருக்க வேண்டியவள் உன் பக்கத்தில் உட்கார்ந்து எதற்குக் கீரை ஆய்கிறாள்?

உடனே பதில் போடு.
மீரான் சாகிபு


காரைக்குடி
14-2-1971

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு எல்லோரும் சுகம்தான். மனசைக் கேட்காதீர்கள்.

மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. நீங்கள் சாப்பாட்டில் கை வைக்கும்போது இந்தக் கடிதம் வந்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தேன்.

சீர் பரப்பிய அன்று ஒக்கூர் வீட்டுக் கூடம் நிறையப் பெண்கள். "உங்கத்தா வாங்கிக் குடுத்தது, நீயே போடுத்தா" என்று சம்பந்தியம்மா சுலைகாதான் ஆபிதாவிடம் ரேடியோவைத் திருகச் சொன்னார். பாட்டு எடுத்தது. அடுத்த அடி வருவதற்குள் கர்ரென்று ஒரு சத்தம், ஒரு கருகல் வாடை. அதோடு சரி. கூட்டத்தில் ஒருத்தி, "புது மருமக கை வச்சதும் அடங்கிப்போச்சே! கைராசியப் பாத்துக்கங்கடி" என்று சிரித்தாள். சிரிப்பாகத்தான் சொன்னாள். அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

மறுநாள் ஆபிதா உறை ஊற்றிய பால் தோயவில்லை. மார்கழிக் குளிரில் எந்த வீட்டில்தான் தயிர் ஒழுங்காகத் தோய்கிறது? அதற்கும் அவள் கைதான் காரணமாம். பிறகு அடுப்புப் பற்றவைக்க விடவில்லை. கோழி அடை வைக்கிற பக்கம் போக விடவில்லை. ஒரு நாள் காலையில் சம்பந்தியம்மா, "பொட்டியைச் சரி பண்ணி எடுத்துக்கிட்டு வரட்டும்" என்று பெட்டி, பிள்ளை இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை அமீர் ஹம்சா வண்டி வரைக்கும் வந்து மாட்டைத் தட்டிக்கொடுத்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வரவில்லை.

நீங்கள் சொன்னபடி தேனப்பனிடம் கேட்டேன். "ஒக்கூருக்குப் பொட்டியத் தூக்கிட்டு அலையிறதுக்கு நான் என்ன பொம்மலாட்டமா நடத்துறேன்?" என்றார்.

கெட்டது பெட்டிதான் என்று கடைக்காரர் வாயால் வராமல் இந்தப் பிள்ளை அந்த வாசலை மிதிக்க முடியாது அண்ணே. அதுதான் விஷயம்.

லத்தீபா


பினாங்கு
25-2-1971

தங்கச்சிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். வருத்தப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. என் கூட்டாளி அசன் முகம்மது ஊருக்கு வருகிறார். அவரிடம் பணம் கொடுத்திருக்கிறேன். மதுரையில் இதைவிடப் பெரிய ரேடியோவாக, பில் போட்டு வாங்கி, ஆபிதாவோடு ஒக்கூருக்கு அனுப்பு. பழையதை உடைத்து அடுப்பில் போடு. நட்டக் கணக்கில் எழுதிவிட்டு மேலே நடக்கிறவன்தான் வியாபாரம் செய்ய முடியும்.

உன் கால் எப்படி? ஆபிதா சாப்பிடுகிறாளா?

மீரான் சாகிபு


காரைக்குடி
12-3-1971

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வயிற்றுக்குச் சீரகத் தண்ணீர் குடியுங்கள். ஆபிதா சாப்பிடுகிறாள். நான் பரிமாறினால் மட்டும். தானாக எடுத்துப் போட்டுக்கொள்வதில்லை. கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

அசன் முகம்மது அண்ணன் பணத்தைக் கொடுத்தார். அப்படியே வைத்திருக்கிறேன். புது ரேடியோ வாங்கி அனுப்பினால் என்ன அர்த்தம்? எங்கள் பிள்ளை கைதான் கெடுத்தது, இந்தாருங்கள் தண்டம் என்று நாமே கட்டின மாதிரி. உங்களுக்கு நட்டக் கணக்கு. அவளுக்கு ஆயுசுக்கும் பெயர்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே தேர்தல் சமயம். ஓட்டுச் செய்தி கேட்பதற்காக ஊரே ரேடியோ வாங்குகிறது. தேனப்பன் கடையில் நிற்க இடமில்லை. பெட்டியை எடுத்துப் போய் வாசல் பெஞ்சில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பேசாமல்.

"என்ன பாயம்மா, பொட்டியும் கையுமா உக்காந்திருக்கீக?" என்றார் ரேடியோ வாங்க வந்த ஒருவர்.

"பாடலைங்க. முதலாளி திரும்ப எடுத்துக்க மாட்டேங்குறாக. அவுகளுக்கு மனசு வரட்டும்னு உக்காந்திருக்கேன்."

"எங்குட்டு வாங்குனது?"

"இங்குட்டுத்தான்."

அந்த மனுஷர் படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேனப்பன் ஓடி வந்தார். "உள்ள வந்து உக்காருங்கம்மா. காப்பி வாங்கியாரச் சொல்றேன்."

"வேணாங்க. இங்குட்டே நல்லாக் காத்து வருது."

தினமும் கடை திறக்கும்போது போகிறேன், மூடும்போது வருகிறேன்.

லத்தீபா


பினாங்கு
24-3-1971

லத்தீபாவுக்கு.

நம் குடும்பத்துப் பெண்கள் கடைவாசலில் உட்கார்ந்தது கிடையாது. நம் அத்தா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தாயா? ஜமாஅத்தில் நாலு பேர் கேட்டால் நான் என்ன பதில் எழுதுவது? உடனே நிறுத்து.

தேனப்பன் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உன்னைப் பற்றிக் குறை ஒரு பக்கம். மறுபக்கம் ஒரு யோசனை. புதுப் பெட்டி கொடுத்துவிடுகிறாராம், காசு வேண்டாமாம். ஒக்கூரில் கரண்டு சரியில்லாததால்தான் கெட்டது என்று நீ நாலு பேர் முன்னால் சொன்னால் போதுமாம். அவர் நிலைமை எனக்குப் புரிகிறது. ஒருத்தரிடம் திரும்ப வாங்கினால் நாளைக்கு ஊரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும். கரண்டு மேல் பழி போட்டால் யாருக்கும் நட்டமில்லை. கரண்டு வந்து சண்டையா போடப் போகிறது?

ஒத்துக்கொள். பெட்டியை வாங்கு. பிள்ளையை அனுப்பு. முடிந்தது.

மீரான் சாகிபு


பினாங்கு
17-4-1971

தங்கச்சி லத்தீபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. காய்ச்சலா? ஆபிதாவுக்கு ஏதாவதா? தபால்காரர் வருகிற நேரத்துக்குக் கடைவாசலிலேயே நிற்கிறேன். கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுது.

அண்ணன்


காரைக்குடி
2-5-1971

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குக் காய்ச்சல் இல்லை. கோபம்தான். இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

கரண்டு வந்து சண்டை போடாது என்று எழுதினீர்கள். அந்தக் கரண்டு யார் வீட்டுக் கரண்டு அண்ணே? சம்பந்தி வீட்டுக் கரண்டு. கல்யாணத்துக்கென்று அவர்கள் புதிதாக வயர் இழுத்த வீடு. அதில் கோளாறு என்று நான் கடைத்தெருவில் நின்று சொன்னால் சுலைகா சம்பந்தியம்மா ஆபிதாவைத் தாம்பாளத்தில் வைத்தா அழைப்பார்? கை கெட்டது என்றார்கள், பதிலுக்கு உங்கள் வீடு கெட்டது என்று சொல்லிவிட்டு அதே வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பச் சொல்கிறீர்கள். உங்களுக்கு நட்டமில்லாத வியாபாரம் இது.

நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்தவில்லை. போன மாதம் தேனப்பன் ஒரு போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தம்மா வியாபாரத்தைக் கெடுக்குது."

"என்னம்மா, கூச்சல் போடுறீகளா?" என்றார் போலீஸ்காரர்.

"நான் வாயே தொறக்கலைங்க. கேக்குறவுகளுக்கு மட்டும் பதில் சொல்றேன்."

"என்ன பதிலு?"

"பாடலைன்னு."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தேனப்பனிடம், "ஏங்க, நானும் ஒண்ணு வாங்கணும்னு இருந்தேன். உங்க கடைதானா இது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஜமாஅத்தில் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். இரண்டு பேர் கண்டித்தார்கள். ஒருவர் வெயிலுக்கு ஒரு குடை கொடுத்தனுப்பினார்.

நான் உட்கார்ந்திருக்கலாம் அண்ணே. பேச எனக்குத் தெரியாது. வியாபாரியோடு வியாபாரிதான் பேச வேண்டும். ஆபிதா நேற்று இந்த அத்தையைப் பார்த்து, "குப்பி, நான் இனிமே எதையும் தொடாம இருந்துக்கறேன், என்னைய அங்கேயே கொண்டுபோய் விட்டுருங்க" என்றாள். அதையும் எழுதிவிட்டேன்.

லத்தீபா


பினாங்கு
14-5-1971

காரைக்குடி ரேடியோ வியாபாரம் தேனப்பன் அவர்களுக்கு, பினாங்கு மீரான் சாகிபு வணக்கம். தங்கள் குடும்பத்தாரும் வியாபாரமும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதத்துக்குப் பதில் தாமதம். பொறுத்துக்கொள்ள வேண்டும். நாம் இருவரும் கடைக்காரர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

பில் வாங்காதது என் தப்பு. பில் போடாதது தங்கள் தப்பு. ஆகவே பில் இல்லை என்ற பேச்சைத் தாங்கள் எடுக்க முடியாது. எடுத்தால் நானும் எடுப்பேன், விற்பனை வரி ஆபீஸுக்கு. அதில் என் பெயரும் வரும் என்பது தெரியும். ஆனால் நான் இருப்பது பினாங்கில், தாங்கள் இருப்பது காரைக்குடியில். அப்படி எழுத எனக்கு ஆசை இல்லை. எழுத வைக்க வேண்டாம்.

தாங்கள் அஞ்சுவது ஒரு பெட்டி நட்டத்துக்கு அல்ல. திரும்ப வாங்குகிற கடை என்று பெயர் வந்துவிடுமே என்றுதான். நான் சொல்கிறேன், அந்தப் பெயர் வரட்டும். என் தங்கை வாசலில் உட்கார்ந்த நாளிலிருந்து தங்களுக்கு வேறொரு பெயர் வந்துகொண்டிருக்கிறது, அது இதைவிட மோசம். மாற்றிக் கொடுக்கிற கடை என்று தெரிந்தால் ஒக்கூர்க்காரர் காரைக்குடியை விட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏற மாட்டார்.

ஒரு நல்ல பெட்டியோடு ஒக்கூருக்குப் போங்கள். அதே பிளக்கில் மாட்டுங்கள். பாடினால், கம்பெனியிலிருந்து வரும்போதே பழைய பெட்டியில் கோளாறு என்று சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி சொல்லுங்கள். கம்பெனி எங்கோ பம்பாயில் இருக்கிறது. அது வந்து மறுக்காது. தங்களுக்கும் தலைக்குனிவு இல்லை. பாடாவிட்டால், கரண்டுதான் என்று நானே தங்களுக்குக் கடிதம் எழுதித் தருகிறேன். என் தங்கையும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள்.

எனக்கு ஒரே மகள். பெட்டிக்காக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மீரான் சாகிபு


காரைக்குடி
15-6-1971

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம். நிஜமாகவே நலம்.

தேனப்பனுக்கு என்ன எழுதினீர்களோ, ஒரு நாள் காலையில் கடையைத் திறந்ததும், "பாயம்மா, வண்டி ஏறுங்க, ஒக்கூர் போவோம்" என்றார். பாதி வழியில், "உங்கண்ணன் என்ன வக்கீலுக்குப் படிச்சவுகளா?" என்று கேட்டார்.

ஒக்கூரில் பெட்டி இறங்கியதும் தெருவே கூடிவிட்டது. மாப்பிள்ளைதான் பிளக்கைக் காட்டினார். சம்பந்தியம்மா கதவுக்குப் பின்னால். தேனப்பன் திருகினார். ஒரு வேளை பாடாமல் போனால்? வால்வு சூடாகிற வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சிலோன் ஸ்டேஷன், கணீரென்று.

தேனப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கரண்டு நல்லாத்தான் இருக்கு. பழைய பொட்டி கம்பெனில இருந்து வர்றப்பவே கோளாறு. நாந்தான் பாக்காமக் குடுத்துட்டேன்." கடைசி வார்த்தையை நீங்கள் எழுதிக் கொடுத்திருக்க மாட்டீர்கள். அதை அவராகச் சொன்னார். பழைய பெட்டியை அவரே வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

மறுவாரம் மாப்பிள்ளை ஆபிதாவை அழைக்க வந்தார். அவள் போகவில்லை.

"கடைக்காரர் அவர் பொட்டியிலதான் குத்தம்னு ஒத்துக்கிட்டாரு. எங் கையில குத்தம்னு சொன்னவுக இன்னும் ஒண்ணும் சொல்லலையே" என்றாள். அமீர் ஹம்சா காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார்.



லத்தீபா


பினாங்கு
27-6-1971

தங்கச்சிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல். கடைக்காரனை வழிக்குக் கொண்டுவருவது வேறு, மாமியாரை வழிக்குக் கொண்டுவருவது வேறு. கேட்டது கிடைத்ததும் கடையை விட்டு இறங்கிவிட வேண்டும். மேலே ஒன்று கேட்டால் முதலும் போகும். போகச் சொல். நான் சொன்னேன் என்று சொல்.

இதை எழுதிவிட்டு மேஜையிலேயே வைத்திருந்தேன். இரண்டு நாளாகத் தபாலில் போட மனசு வரவில்லை. நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். அவளாகப் பார்த்து முடிவு செய்யட்டும்.

அண்ணன்


காரைக்குடி
5-8-1971

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கையின் ஸலாம். உங்கள் வயிறு, தூக்கம் எல்லாம் எப்படி என்று விவரமாக எழுதுங்கள். இந்தத் தடவை நான்தான் விவரமாக எழுதப் போகிறேன்.

உங்கள் கடிதத்தை ஆபிதாவிடம் காட்டவில்லை. ஒரு மாதம் போயிற்று. ஒக்கூரிலிருந்து ஆள் இல்லை, சேதி இல்லை. கெடுத்துவிட்டோமோ என்று எனக்கே பயமாகிவிட்டது. பிள்ளை மட்டும் அசையவில்லை.

இன்றைக்கு மத்தியானம் சுலைகா சம்பந்தியம்மா வந்து நின்றார். தனியாக, பஸ்ஸில். கையில் ஒரு கூடை கோழிமுட்டை. உட்கார்ந்தார், தேத்தண்ணி குடித்தார். பஸ்ஸில் கூட்டம், இந்த வருஷம் கண்மாயில் தண்ணீர் இல்லை, முட்டை விலை, எல்லாம் பேசினார். ஆபிதா அடுப்படியில் இருந்தாள். ஸலாம் சொன்னதோடு சரி, வெளியே வரவில்லை.

எழுந்திருக்கிற மாதிரி ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு, "நாளைக்கு விதை நெல்லு அளக்கணும். ஆபிதா வந்து அளந்தா நல்லாருக்கும்" என்றார், என்னைப் பார்த்து.

ஆபிதா வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விதை நெல்லுக்கு என் கை ஆகுமா மாமி?"

சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் கூடையில் முட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கும் கொஞ்சம் கல்மனசு வேண்டியிருந்தது.

"கைக்கு என்னத்தா?" என்றார். "பொட்டியில இருந்த கோளாறுக்கு உங் கையைச் சொல்லிட்டேன். அன்னைக்கு அத்தனை பேரு சிரிக்கையில எனக்கு வேற வாய் வரலை."

ஆபிதா உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, "பஸ்ஸு எத்தனை மணிக்கு மாமி?" என்றாள்.

இரண்டு பேரும் நாலு மணி பஸ்ஸில் போனார்கள். ஏறும்போது மாமியார் கையைப் பிடித்து மருமகள்தான் ஏற்றிவிட்டாள். ராத்திரி எனக்கு மட்டும் உலை வைக்கத் தோன்றவில்லை. இரண்டு முட்டையை அவித்துத் தின்றுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

வஸ்ஸலாம்.
லத்தீபா